வியாழக்கிழமை வானம்

"பொய் எழுதறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

ஆவண அறையில் கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும் உதவியாளர் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

வானிலை நிலையத்தின் பழைய நோட்டுகளைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. தினமும் காலையில் ஒரு பலூன் மேலே போகும். அதில் கட்டிய கருவி உயரத்துக்கு உயரம் குளிரையும் காற்றையும் சொல்லும். கீழே ஒருவர் எழுதி வைப்பார்.

இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமைப் பக்கமும் மறுநாள் வியாழக்கிழமைப் பக்கமும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன. நாற்பது வரியில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. வானம் அப்படி இரண்டு நாள் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

'பணியில் இருந்தவர்' என்ற இடத்தில் பலூன்காரர் பெயர். போன வருஷம் ஓய்வு பெற்றவர். அவரைப் போய்ப் பெரிய மனுஷர் என்று நினைத்தோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

போன் போட்டாள்.

"ஐயா, அன்னைக்குப் பலூன் விட்டீங்களா?"



"விடலைம்மா. முந்தின நாளைப் பார்த்து நான்தான் எழுதிட்டேன்."

"போலின்னு குறிச்சு, எழுதினவர் பேரையும் போடணும். அது காலத்துக்கும் நிக்குங்கய்யா."

"தாராளமா என் பேரைப் போட்டுக்கோம்மா. அதிகாரி வரைக்கும் மட்டும் கொண்டு போகாதே."

செய்வதையும் செய்துவிட்டு மூடி மறைக்க வேறு பார்க்கிறாரா! நோட்டோடு நேராக அதிகாரி அறைக்குப் போனாள்.

அதிகாரிக்கு அலுவலகம் வைத்த பெயர் 'தசமம்'. ஒரு புள்ளி இடம் மாறினால் ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். வருகிற வெள்ளிக்கிழமையோடு அவர் பணி ஓய்வு பெறுகிறார். மேசையைக்கூட ஒழித்தாயிற்று.

பக்கத்தைப் பார்த்தவர் கத்தவில்லை. அதுவே அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"அந்த வாரம் அவன் பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்தா. ஏழு வயசு. இன்னும் ஒரு நாள் வரலைன்னா வேலை போயிடும்னு மேலிடத்துக் கடிதம் வேற. வியாழக்கிழமை காலையில பொண்ணு போயிட்டா."

அவள் அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தாள்.

"பொண்ணு போன அன்னைக்கா சார் வந்து எழுதினார்?"

"அவன் எங்கே வந்தான்? நான் அப்போ இங்கே குமாஸ்தா. பலூன் விட எனக்கு எங்கே தெரியும்? பார்த்து எழுதத்தான் தெரிஞ்சுது."

பேனாவை எடுத்து, பக்கத்தின் ஓரத்தில் 'போலி' என்று எழுதி, கீழே தன் பெயரையும் எழுதினார்.

"சார், விசாரணை வருமே! பென்ஷனை நிறுத்திடுவாங்களே!"

"வரட்டும். அன்னைக்கு வானம் எப்படி இருந்துதுன்னு இனிமே ஒருத்தருக்கும் தெரியப் போறதில்லை. அதுல இன்னொருத்தன் பேரையுமா கெடுக்கறது?"

பேனாவை மூடினார்.

"அவன்கிட்ட கேட்டியா? என்ன சொன்னான்?"

"தான்தான் எழுதினேன்னு ஒத்துக்கிட்டார் சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முப்பது வருஷமா அவனைத் தெரியும்மா. அவன் சொன்ன முதல் பொய் அதுதான்."