ஓடாத சுபாரு

“அதுல கைய வைக்காத ரமேஸ். நானே பாத்துக்கிறேன்,” என்றார் முத்துலிங்கம்.

காரின் திறந்திருந்த பொனட்டுக்குள்ளிருந்து ரமேஸ் கையை எடுத்துக்கொண்டான். பன்வில தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கணக்குப் படிப்பித்தவர். அவருடைய பிடிவாதம் அவனுக்குப் புதிதல்ல.

பிலிமத்தலாவையில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் நின்றது அந்த நீலநிறச் சுபாரு. அவர் மகன் திவாகரன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய பந்தயக் கார். எஞ்சினைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டிருந்த சமயத்தில்தான் அவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

அதன்பின் முத்துலிங்கம் மாதக்கணக்கில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். ஒருநாள் தானாக எழுந்து கொட்டகைக்குப் போனவர், போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொரு போல்ட்டாகப் பூட்டத் தொடங்கினார். பூட்டி முடித்தும் விட்டார். கார்தான் ஓடவில்லை.

ரமேஸ், திவாகரனின் கூட்டாளி. கண்டியில் ஒரு கராஜில் வேலை. “இன்னைக்கி எப்படியாச்சும் ஸ்டார்ட் பண்ணிக் குடுத்திருங்கண்ணா,” என்று அவனை அனுப்பியது முத்துலிங்கத்தின் மகள் சிந்துஜா. கார் ஓடினால் அதை விற்றுவிட்டு, அப்பாவையும் அம்மாவையும் வத்தளையில் தன் வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம்.

“நான் அப்பவே திவாகிட்ட சொன்னேன் சேர், ஹொண்டா சிவிக் வாங்குடான்னு,” என்றான் ரமேஸ். “பொனட்டத் தொறந்தா நாலு பிளக்கும் மேலயே நிக்கும். லான்சர் எவோ கூடப் பரவால்ல. இதுல எஞ்சின் படுத்துக் கெடக்கு. பிளக்கெல்லாம் ரெண்டு பக்கமும் உள்ளுக்க. பாட்டரியக் கழட்டாமக் கை போகாது. வீட்டுல வச்சு வேல செய்ற காரே இல்ல.”

“லேசா இருந்தா அவனுக்குப் புடிக்காதே,” என்றார் முத்துலிங்கம். ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

கீழே ரோட்டில் பாணும் பணிஸும் விற்கும் ஆட்டோவின் பாட்டுக் கேட்டது. “பணிஸ் வாங்கிட்டு வந்துர்றேன். நீ சும்மா உக்காரு,” என்று இறங்கிப் போனார்.

ரமேஸ் சும்மா உட்காரவில்லை. சாவியைத் திருப்பிப் பார்த்தான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. வயர்களை, குழாய்களை, பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அறுபது வயதுக்கு மேல் ஸ்பேனர் பிடித்தவரின் வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு குறையும் இல்லை.

எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் சத்தமே போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து டோர்ச் அடித்தான். பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கையால் பிடித்து இழுத்தாலொழிய அது கழன்று வராது.

கை கழுவக் குசினிக்குப் போனான். முத்துலிங்கத்தின் மனைவி கலாராணி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“கண்டுபுடிச்சிட்டேன் ஆன்ட்டி. ஒரு சின்ன ரிலே இல்ல, யாரோ கழட்டிட்டாங்க. டவுனுக்குப் போய் வேற ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்னா இப்பவே ஓடும்.”

கலாராணி கேத்தலைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கவுன் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். சின்னக் கறுப்புப் பெட்டி. இளஞ்சூடாக இருந்தது.

“நீங்களா ஆன்ட்டி?”

“மொதல்ல பியூஸக் கழட்டினேன். அதக் கண்டுபுடிச்சிட்டாரு. அப்புறம் ஒரு வயர உருவி விட்டேன். அதையும் கண்டுபுடிச்சிட்டாரு. நானும் வீடியோ பாத்துத்தான் தம்பி கத்துக்கிட்டேன்.”

“காரக் குடுக்க மனசில்லையா? திவா ஞாபகமா வச்சிக்கணும்னா சிந்துஜாகிட்ட நான் பேசுறேன்.”

“எனக்கு அந்தக் காரக் கண்ணுலயே காட்டக்கூடாது,” என்றாள் கலாராணி. குரல் உயரவில்லை. “வாங்கின அன்னைக்கிலருந்து பேச்செல்லாம் அதோடதான் அவனுக்கு. என்னோட ஒக்காந்து ஒருநாள் சோறு தின்னல. ஆனா அது ஓடிருச்சுன்னா, நாளைக்குக் காலையில இவரு எதுக்குத் தம்பி எந்திரிக்கணும்?”

 ரமேஸ் ரிலேயை அவள் கையிலேயே திருப்பி வைத்தான். அவள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மூன்று கோப்பைகளுக்கும் சீனி போட்டாள்.

முத்துலிங்கம் பணிஸ் பையோடு வந்தார். தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரை ரமேஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“எனக்கும் புடிபடல சேர்,” என்றான் கடைசியில். “எங்கயோ சின்னக் கோளாறுதான். கொஞ்சம் நாளெடுக்கும் போல.”

“அதுக்கென்ன, மெதுவாப் பாப்போம்,” என்றார் அவர்.

வழியனுப்ப ரோடு வரைக்கும் கூடவே இறங்கி வந்தார். மழை தூறத் தொடங்கியிருந்தது. ரமேஸ் தன் சிவிக்கில் ஏறிச் சாவியைப் போட்டான். அவர் குனிந்து, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ரிலேய அவகிட்டயே குடுத்துட்டியா?”

 ரமேஸ் சாவியிலிருந்து கையை எடுத்து, ஆமென்று தலையசைத்தான்.

முத்துலிங்கம் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“எனக்குத் தெரியும்னு காட்டிக்காதப்பா. ஒவ்வொண்ணாக் கழட்டி ஒளிக்க ஆரம்பிச்சப்புறந்தான் அவ திரும்பச் சோறு திங்கிறா.”