எடுக்காத விரல்

காலையில் சட்டை மாட்டும்போது, கணவரின் கையில் டயாலிசிஸ் ஊசி குத்தும் இடம் திறந்துகொண்டு ரத்தம் சுவர்வரை பீறிட்டது. "துண்டைச் சுத்தாதீங்க, ஓட்டையிலேயே விரலை வச்சு அமுக்குங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்று நர்ஸ் சொல்லியிருந்தபடி மனைவி கட்டைவிரலால் அழுத்தினாள். மறுகையால் ஆம்புலன்ஸை அழைத்தாள். விரலுக்கடியில் ரத்தம் நின்றேவிட்டது!

"எமனுக்கே டிமிக்கி கொடுத்துட்டோம்டி!"

"வாயை மூடுங்க, கை ஆடுது!" என்று அவளும் சிரித்தாள்.

வாசல் மணி அடித்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஆம்புலன்ஸ்காரரைப் பார்த்த பிறகுதான் தன் விரல் தாழ்ப்பாளில் இருப்பது உறைத்தது. அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"கதவை யாருடி திறந்தது? நீதான் கையை எடுக்கவேயில்லையே" என்றார் கணவர், கண்ணை மூடியபடி.

அவர் கையில், யாரும் தொடாமலேயே, ஒரு கட்டைவிரல் அளவுக்குச் சதை இன்னும் ஆழமாக அமுங்கியே இருந்தது.