ஒன்பது மணிக்கு வரும் போன்

"உன் பொண்ணு ராத்திரி வெளியில தங்க இன்னும் தயாராகலை டாரியா. இதுல கோவப்பட என்ன இருக்கு?"

பக்கத்து வீட்டு பெவர்லி, பனி தள்ளுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். கனடாவின் வின்னிபெக்கில் அன்று மைனஸ் இருபத்தெட்டு. அந்தக் குளிரிலும் அறிவுரை சொல்ல அவளுக்கு வாய் உறையவில்லை.

"ஏழு வயசாச்சு பெவ்" என்றாள் டாரியா.

"வயசா கணக்கு? என் கேசி நாலு வயசுலயே அவ அத்தை வீட்டுல தனியாத் தங்கினா. போன் பண்ணி ஒரே அழுகை. நீ எவ்வளவு அழுதாலும் சரி, காலையிலதான் வருவேன்னு சொல்லி வெச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அவ போன் பண்ணதில்லை. நீதான் கூப்பிட்ட உடனே காரை எடுத்துட்டு ஓடற."

டாரியா குனிந்து தன் வாசல் பனியைத் தள்ளினாள். ஓடுகிறாள் என்பது உண்மைதானே.

இந்தக் குளிர்காலத்தில் நாலு தடவை ஆகிவிட்டது. வகுப்பில் யாராவது ஒரு சிறுமி, "எங்க வீட்டுல ராத்திரி தங்கலாம் வாங்க" என்று கூப்பிடுவாள். மகள் நீனாவும் கேசியும் தலையணையும் பையுமாக டாரியாவின் காரில் பாடிக்கொண்டே போவார்கள். சரியாக ஒன்பது மணிக்கு போன் வரும்.

"அம்மா, வயிறு வலிக்குது. வந்து கூட்டிட்டுப் போ."

அப்பாவை அனுப்பலாம் என்றால், அவன் சரக்கு ரயிலில் ஓட்டுநர். சனிக்கிழமைகளில் எங்கேயோ பனிவெளியில் இருப்பான்.

காரும் சும்மா கிளம்பாது. வாசல் பிளக்கிலிருந்து ஒயரை இழுத்து, அதன் மூக்கில் செருகி, எஞ்சினை மூன்று மணி நேரமாவது சூடாக வைத்திருக்க வேண்டும். மறந்தால் காலை வரை அது வெறும் இரும்பு. அதனால் மகள் வெளியே தங்கும் நாட்களில், இறக்கிவிட்டு வந்ததும் டாரியா முதல் வேலையாக ஒயரை மாட்டுவாள். பிறகு குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அங்கே போனால் வாசலில் முதலில் நிற்பது கேசிதான். பூட்ஸ், குல்லா, கையுறை எல்லாம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு தயாராக நிற்பாள். 'என் மகள் அழுவதற்காக இந்தப் பிள்ளையும் பாதியில் கிளம்பி வருகிறதே' என்று டாரியாவுக்குக் கூசும். காரில் ஏறி ஐந்து நிமிடத்தில் கேசி தூங்கிவிடுவாள். நீனா மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வருவாள்.

"வயிறு இப்ப எப்படி இருக்கு?"

"சரியாயிடுச்சு."

சரியாயிடுச்சாம். டாரியா ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

இன்று மேகனின் பிறந்தநாள். நீனாவுக்கு உயிர்த்தோழி அவள். மூன்று நாளாக உட்கார்ந்து வாழ்த்து அட்டை செய்து, வீடு முழுக்க ஜிகினா கொட்டிவைத்திருந்தாள் நீனா.

பனி தள்ளி முடித்து உள்ளே வந்த டாரியா, பூட்ஸைக் கழற்றாமலே ஆரம்பித்தாள்.

"இங்க பாரு நீனா. இந்தத் தடவை போன் கீன் எல்லாம் கிடையாது. நீ எவ்வளவு அழுதாலும் சரி, காலையிலதான் வருவேன்."

நீனா நிமிர்ந்து பார்த்தாள்.

"நிஜமாவே வர மாட்டியா?"

"வர மாட்டேன்."

"வயிறு வலிச்சாலும்?"

"உன் வயிறு காரைப் பார்த்ததும் சரியாயிடுது. அந்த வயித்துக்காக நான் வர மாட்டேன்."

நீனா வாழ்த்து அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"அப்ப நான் போகலை."

"ஏன், பயமா?"

"இல்லை."

"பின்ன என்னடி? சொன்னாத்தானே தெரியும்?"

"சொல்ல முடியாது. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யார்கிட்ட? உன் வயித்துக்கிட்டயா?"

பெவர்லி சொன்னது சரிதான் என்று தோன்றியது டாரியாவுக்கு. பெவர்லி சரியாகிப்போவதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மேகனின் அம்மாவிடம் நீனா வரவில்லை என்று சொல்லிவிடலாமென்று போனை எடுத்தாள்.

எடுத்த கையில் அது மணியடித்தது. பெவர்லி.

"கேசிக்குக் காய்ச்சல் டாரியா. நூத்தி ரெண்டு. பாவம், இன்னைக்கு அவளால வர முடியாது. என்ன ஆசையா இருந்தா தெரியுமா?"

டாரியா போனை வைத்துவிட்டு, சுரத்தில்லாமல் மகளிடம் சொன்னாள். "கேசி போகலையாம். காய்ச்சல். நீயும் போகலை. மேகனுக்கு ரெண்டு பேருமே இல்லை."

"கேசி போகலையா?"

"இல்லை."

நீனா எழுந்தாள். அறைக்குள் ஓடினாள். தலையணையும் பையுமாக வெளியே வந்து, அட்டையை எடுத்துக்கொண்டு, கதவருகில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டத் தொடங்கினாள்.

"நான் போறேன்மா. நீ காலையிலயே வா."

டாரியாவுக்குத் தலை சுற்றியது. போகிறேன், போகவில்லை, போகிறேன். இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? அலுத்துக்கொண்டே வெளியே வந்து, காரின் மூக்கிலிருந்து ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினாள்.

"திரும்பி வந்ததும் மறுபடி இதை மாட்டணும்" என்று முணுமுணுத்தாள். "ஒன்பது மணிக்கு எப்படியும் போன் வரத்தான் போகுது."

பின்சீட்டில் ஏறி, பெல்ட்டைத் தானே போட்டுக்கொண்டே நீனா சொன்னாள்.

"மாட்ட வேண்டாம்மா. இன்னைக்குத்தான் கேசி வரலையே."