பிறந்தநாள் வட்டத்தில் ஒரு குறுஞ்செய்தி

யோரிஸின் கைப்பேசி துடித்தபோது நாங்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தோம்.

அவன் மனைவி ஃபெம்கேவுக்குப் பிறந்தநாள். நெதர்லாந்தில் எங்கள் ஹார்லெம் பக்கம் பிறந்தநாள் என்றால் இதுதான். முட்டிக்கு முட்டி இடிக்கும் நாற்காலிகள், ஆளுக்கு ஒரே ஒரு துண்டு கேக், எழுந்தால் "எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்க அத்தனை வாய்.

செய்தியைப் படித்தான். முள்கரண்டி வாயருகே நின்றது.

"என்ன மாப்ள, மூஞ்சி வெளுத்துப்போச்சு? சத்தமாப் படிங்க, நாங்களும் சிரிக்கிறோம்," என்றாள் அவன் மாமியார் டீனெகே.

படிப்பானா?

அதில் இருந்தது இவ்வளவுதான். உங்களோடு உறவுகொண்ட ஒருவருக்குக் கிளமிடியா தொற்று இருக்கிறது. நீங்களும் உங்கள் துணையும் உடனே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். யாரென்று பெயர் இருக்காது. சுகாதார மையத்தின் வழியாக வந்தால் அப்படித்தான்.

கமுக்கமான தொற்று அது. பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது, உடம்பில் இருப்பதே தெரியாது. ஆனால் பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் போய்விடலாம். மாத்திரையில் தீர்ந்துவிடும் சங்கதிதான். முதலில் இருப்பது தெரியவேண்டும்.

ஃபெம்கேவுக்கு அடுத்த வாரம் பிரசவம். தட்டை வயிற்றின்மேல் வைத்துத்தான் தின்றுகொண்டிருந்தாள்.

யோரிஸால் எழுந்து போக முடியவில்லை. கண்ணை மட்டும் வட்டத்தில் ஓடவிட்டான். எவள் அனுப்பியிருப்பாள்?

கண் பக்கத்து வீட்டு மார்லூஸிடம் நின்றது. ஓஹோ.

பிறகு ஃபெம்கேவின் யோகா தோழியிடம் நின்றது. அடப்பாவி! இந்தத் தெருவில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது என்றல்லவா நினைத்திருந்தேன்.

எதிர்வீட்டுக்காரியான என்மேல் அது நிற்கவேயில்லை. அலமாரியைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனது.

"பல் டாக்டர்," என்றான். "நாளைக்கு வரச் சொல்றாங்க."

"ஞாயித்துக்கிழமையில கூடவா உன்ன விடமாட்டாங்க?" என்று சிரித்தாள் ஃபெம்கே.

கைப்பேசி பைக்குள் போனது. டீனெகே பாலாடைக்கட்டித் தட்டைச் சுற்றுக்கு விட்டாள். யோரிஸ் இரண்டு துண்டு எடுத்து, கடுகு விழுதில் தோய்த்து, நிதானமாக மென்றான். சொல்லமாட்டான். அந்த மெல்லலிலேயே தெரிந்தது.

இந்த வட்டத்தில் ஒருத்தியை மட்டும் தனியாகக் கூப்பிட்டு எதையும் சொல்ல முடியாது. சொன்னால் எல்லோருக்கும்தான், விடிந்தால் தெருவுக்கும்.

"அது பல் டாக்டர் இல்லடி, ஃபெம்கே," என்றேன். "நாளைக்கே போய் டெஸ்ட் பண்ணிக்க. அத அனுப்புனது நான்."