சிவப்பு அம்புக்குறி

"இந்துவல்லி நாவல்தானுங்களே?"

மண்ணரைக் கடைவீதியில் வாடகை நூலகம் நடத்தும் ரத்தினசாமி, பேச்சியம்மாளைக் கண்டதும் கேட்டார். மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் வருகிறாள். அந்த எழுத்தாளரின் அதே ஏழு நாவல்களைத்தான் மாற்றி மாற்றி எடுத்துப் போகிறாள்.

"ஆமாய்யா."

"அவங்களோடது புதுசா ஒண்ணு வந்திருக்குதுங்க. மொதல்ல உங்களுக்குத்தான்னு எடுத்து வெச்சேன்."

"புதுசு வேணாம்யா. பழசே குடுங்க."

இப்படியொரு வாசகி கிடைக்க அந்த எழுத்தாளர் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தபடி, ஏழு புத்தகங்களையும் மேசையில் அடுக்கினார். எல்லாவற்றுக்கும் புது அட்டை.

"உங்களுக்காகவே பைண்டிங் பண்ணினேனுங்க. பனியன் கம்பெனி செக்கிங்ல, துணியில ஓட்டை இருந்தா சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாங்களே, அதை யாரோ பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி வெச்சிருந்தாங்க. படிக்கிறதுக்கு எடஞ்சலா இருக்குமேன்னு அத்தனையும் உரிச்சுட்டேன்."

பேச்சியம்மாள் பதறிப்போய்ப் புத்தகத்தைப் பிரித்தாள்.

"எம்மவ முனீஸ்வரி ஒட்டுனதுய்யா. செக்கிங்லதான் இருந்தா. பிடிச்ச வரிக்கெல்லாம் ஒட்டுவா. அவ செத்து மூணு வருசமாச்சு."

ரத்தினசாமி அவசரமாகப் பென்சிலை எடுத்தார்.

"அந்த வரியெல்லாம் இந்நேரம் உங்களுக்கு மனப்பாடம் ஆயிருக்குமேங்க. சொல்லுங்க, நானே திரும்ப ஒட்டித் தர்றேன்."

"எனக்கு எழுத்து தெரியாதுய்யா."

கண்களை மூடிக்கொண்டு தாளின் மேல் விரலை மெல்ல நகர்த்தினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்கன இன்னும் பசை ஒட்டுதுய்யா" என்றாள். "இதுல என்ன எழுதியிருக்கு?"