சுத்தம் செய்த நாள்

முகப்பேரில் அந்த மேல்நிலைத் தொட்டியைத் தடபுடலாகத் திறந்துவைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. குழாய் மட்டும் இன்னும் பதிக்கவில்லை. சொட்டுத் தண்ணீர் ஏறாத தொட்டியை மாதாமாதம் கழுவச் சொல்லி உத்தரவு இருந்தது. செங்கல்வராயன் முதல் தேதி காலையில் ஏணியேறி உள்ளே இறங்குவான். புறா எச்சத்தைப் பெருக்குவான். கீழே வந்து, தூணில் ‘சுத்தம் செய்த நாள்’ என்பதற்கு எதிரே புதுத் தேதி எழுதுவான்.

1993 மே மாதமும் அப்படித்தான். உள்ளே நாற்றம் குமட்டியது. “தூ! இதுக்கு ஒரு தொறப்பு விழா வேற!” என்று காறித் துப்பினான். பெருக்கி முடித்து இறங்கினான்.

கீழே லாரித் தண்ணீருக்கு நின்ற வரிசையில் முதல் ஆள் புஷ்பா.

“இன்னா அண்ணாத்தே, இப்டி நனைஞ்சிகினு வர்ற?”

தலையைத் தொட்டான். தண்ணீர் வழிந்தது. ஏணிப்படியெல்லாம் ஈரம்.

“மேல ஒண்ணுமே இல்ல புஷ்பா. காஞ்சி கீது.”

அவள் மேலே பார்க்கவில்லை. “அப்டியே நில்லு, அசையாத” என்று காலிக் குடத்தை அவன் சட்டை நுனிக்குக் கீழே வைத்தாள்.

குடம் நிரம்பியது. லாரிக்காக நின்ற வரிசை மெல்ல நகர்ந்து, செங்கல்வராயனுக்கு எதிரே வந்து நின்றது.