கண்டாச்சு, அண்ணாச்சி!

"இது ஜட்காவா, கோயில் தேரா? எதுக்குய்யா மணி அடிச்சுக்கிட்டே வாரீரு?"

கேட்டவர் பால்வண்ணநாதன். திருநெல்வேலியில் கணக்கு வாத்தியார். உலகமே யாரோ தப்பாகப் போட்டுவைத்த கணக்கு என்பது அவர் கட்சி. குற்றாலச் சீசனுக்காகக் காலை ரயிலில் தென்காசி வந்து, மனைவி மங்களேஸ்வரியோடு குதிரை வண்டி பிடித்திருந்தார்.

வண்டிக்காரன் குற்றாலிங்கத்தின் பக்கத்தில் ஒரு பெரியவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து பார்த்தால் தொப்பியும் முதுகும்தான் தெரிந்தன. கையில் மணிக்கயிறு.

"அண்ணாச்சி கப்பல்ல இருந்தவருய்யா," என்றான் குற்றாலிங்கம். "பேரு மசூது. ஊரு வடகரை."

டிங்.

"வலது கைப்பக்கம், மாட்டு வண்டி!" என்றார் மசூது.

"கண்டாச்சு, அண்ணாச்சி!" என்றான் குற்றாலிங்கம்.

டிங், டிங். "இடது கைப்பக்கம், சைக்கிள்!"

"கண்டாச்சு, அண்ணாச்சி!"

மங்களேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கப்பல்லயும் இதே வேலைதானா?"

"ஆமாம்மா. சரக்குக் கப்பல். அதோட மூக்கு நுனியில தனியா நிக்கணும். வலது பக்கம் எது வந்தாலும் ஒரு மணி. இடதுக்கு ரெண்டு. நேர் எதிர்ல வந்தா மூணு. மேல இருக்க ஆபீசர் 'கண்டாச்சு'ன்னு பதில் சொல்லணும்."

"சொல்லலன்னா?"

"சொல்லுத வரைக்கும் அடிக்கணும். சுத்தியும் கடலு. நாம கத்துதது ஒருத்தன் காதுலயாவது விழுந்துச்சா இல்லையான்னு..."



"கப்பலுக்குச் சரி. மேலகரம் ரோட்டுக்கு எதுக்கு?" என்றார் வாத்தியார். "வண்டி ஓட்டுதவனுக்குக் கண்ணு இல்லையா? இதுல முன்பாரம் வேற. குதிரை முட்டி போடத்தான் போகுது."

டிங், டிங், டிங். "நேர் எதிர்ல, பஸ்!"

"கண்டாச்சு, அண்ணாச்சி!"

வாத்தியார் பல்லைக் கடித்தார்.

மேலகரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. ரோட்டுக்கு நட்டநடுவே ஓர் எருமை சுகமாகப் படுத்து நனைந்துகொண்டிருந்தது. மணி அடிக்கவில்லை. குற்றாலிங்கம் ஒன்றும் பேசாமல் கடிவாளத்தை இழுத்து, ஒதுங்கி ஓட்டினான்.

வாத்தியார் காத்திருந்தது இதற்குத்தான்.

"ஏன்யா, சைக்கிளுக்கு மணி அடிச்சீரு. மலை மாதிரி எருமை கெடக்கு, அதுக்கு அடிக்கலியே? கப்பல்லயும் இந்த லெச்சணந்தானா?"

மணிக்கயிற்றில் இருந்த கை அப்படியே நின்றது.

"அடிச்சாரேய்யா," என்றான் குற்றாலிங்கம் சட்டென்று. "மெதுவா அடிச்சாரு. உங்களுக்குக் கேக்கல."

"எங்கிட்டயே பொய்யா? நிறுத்து வண்டியை! ஒண்ணு, அவரு இறங்கணும். இல்ல, நான் இறங்கணும்."

குற்றாலிங்கம் வண்டியை நிறுத்தினான்.

"நீங்க இறங்கிக்கிடுங்கய்யா."

இந்த விடையை வாத்தியார் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் இறங்கினார். யாரையும் முதுகுக்குப் பின்னால் திட்டுவது முறையல்ல என்பது அவர் கொள்கை. ஆகவே சுற்றிக்கொண்டு முன்னால் போய், மசூதின் மூக்குக்கு நேரே குடையை நீட்டினார்.

மசூது அசையவில்லை. பாலாடை படர்ந்த அந்தக் கண்கள் குடையைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன.

குற்றாலிங்கம் வாத்தியாரைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினான்.

வாத்தியார் குடையைத் தாழ்த்தினார். திரும்பி வந்து ஏறிக்கொண்டார்.

"என்ன, வந்துட்டிய? குடையில ஓட்டையா?" என்றாள் மங்களேஸ்வரி.

வண்டி நகர்ந்தது. வெகுதூரம் மணி அடிக்கவில்லை. பிறகு, சந்தேகத்தோடு, மெல்ல:

டிங். "வலது கைப்பக்கம்... மாட்டு வண்டி."

குற்றாலிங்கம் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வாத்தியாரின் குரல் கணீரென்று கேட்டது.

"கண்டாச்சு, அண்ணாச்சி!"

முன்னால் இருந்த முதுகு நிமிர்ந்தது.

குற்றாலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குற்றாலிங்கம் கூடவே வந்தான். அருவியின் இரைச்சலில் இனி வண்டியிலேயே இருந்த மசூதின் காதுக்கு எதுவும் எட்டாது.

"படுத்துக் கெடக்க எருமை சத்தம் போடாது. அதான?" என்றார் வாத்தியார்.

"ஆமாய்யா. மத்ததெல்லாம் காதுலயே பிடிச்சிருவாரு. கண்ணு போனதும் கப்பல்ல இருந்து அனுப்பிட்டாங்க. வீட்டு மூலையில கெடந்தவரை நாந்தான் கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன்."

"அதுக்காக, வந்த சவாரியை நடுரோட்டுல இறக்கி விடுவியாப்பா?"

குற்றாலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என் மகனைக் கப்பல்ல சேத்துவிட்டதே அவருதான்யா. இப்ப அந்த மூக்கு நுனியில நிக்கது அவன். அங்கன அவன் மணி அடிச்சா, மேல இருந்து யாராவது பதில் சொல்லணும்லாய்யா? அதான், இங்கன நான் சொல்லுதேன்."